மரத்தடிக்கு ஒரு பெரணிப் படுகை: நடுவதற்கு முன் வேலி, நட்ட பின் பொறுமை

பெரணி நட்டவர்களிடம் இரண்டு வகைப் புலம்பல் கேட்கலாம். ஒன்று, "எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் காய்ந்தே போச்சு." இன்னொன்று, "நிறுத்தவே முடியலை, தோட்டம் பூரா அதுதான்." இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே செடியைத்தான் வைத்திருப்பார்கள். முன்னவர் இடத்தைப் பார்க்காமல் நட்டவர், பின்னவர் எல்லை போடாமல் நட்டவர். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரே வீட்டில்.

நான் சொல்வது நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா என்கிற பெரணியை. நர்சரியில் "ஃபெர்ன்" என்று கேட்டால் பெரும்பாலும் இதன் குடும்பத்தில் ஏதாவது ஒன்றைத்தான் தூக்கிக் கொடுப்பார்கள். ஆசியாவும் வட ஆஸ்திரேலியாவும் இதன் தாய்மண். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறை இடுக்கு, சாலையோர மண்சரிவு, பாசி படிந்த மரக்கிளை என்று இதைப் பார்க்கலாம். நிழலும் ஈரக்காற்றும் கிடைத்தால் சமவெளியிலும் நன்றாக வரும். ஆனால் இதே செடி ஃப்ளோரிடாவிலும் நியூசிலாந்திலும் காட்டுக்குள் புகுந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களை. அங்கிருந்து படிப்பவர்கள் இதை நட வேண்டாம். ஃப்ளோரிடாவுக்குச் சொந்தமான உறவுப் பெரணி ஒன்று உண்டு, நெஃப்ரோலெப்பிஸ் எக்ஸால்டாட்டா. அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் நாட்டுச் செடி.

செடி எப்படிப் பரவுகிறது

இது தெரிந்தால் மற்ற எல்லா வேலையும் பாதியாகிவிடும். மண்ணுக்கு மேலே தெரிகிற கொத்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு குட்டை அடித்தண்டிலிருந்து வருகிறது. அதிலிருந்து கம்பி போல மெல்லிய ஓடுதண்டுகள் நாலாபக்கமும் கிளம்பும். மண்ணின் மேலேயும், இரண்டு மூன்று விரற்கடை ஆழத்திலும், இலைச்சருகுக்குள்ளும் அவை ஓடும். போகிற வழியில் அங்கங்கே புதுக் கொத்து முளைக்கும். அதோடு, அந்த ஓடுதண்டுகளில் கொண்டைக்கடலை முதல் கோலிக்குண்டு வரையான அளவில் பழுப்புச் செதில் போர்த்திய உருண்டைக் கிழங்குகள் தொங்கும். அவை பெரும்பாலும் தண்ணீர்ச் சேமிப்பு. கோடையில் மேலே ஓலை முழுக்கக் காய்ந்தாலும் மழை வந்ததும் செடி எழுந்து வருவதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். தனியாக விழுந்த கிழங்கும் முளைக்கும் என்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது வழி வித்துத்தூள். முதிர்ந்த ஓலையின் அடிப்பக்கம் சிற்றிலைதோறும் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். "பூச்சி வந்துடுச்சு" என்று பதறி மருந்து அடிப்பவர்கள் நிறையப் பேர். அவை வித்துப்பைகள். சிறுநீரக வடிவத்தில், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல் ஒழுங்காக இருக்கும். செதில் பூச்சி அப்படி வரிசை பிடித்து உட்காராது. காம்பிலும் ஏறும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், கூடவே பிசுபிசுப்பும் எறும்பும் இருக்கும்.

வித்துத்தூளில் இருந்து நேராகப் பெரணி வராது. முதலில் சில மில்லிமீட்டர் அளவில் இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வரும். அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆண் செல் நீந்திப்போய்ச் சேர முடியும். கிணற்றுச் சுவரிலும் கசிகிற குழாயடியிலும் யாரும் நடாமலே பெரணி முளைக்கும் ரகசியம் இதுதான்.

வாங்கும்போது

"நாட்டுப் பெரணி" என்று சொல்லி எனக்கு ஒரு நர்சரியில் கொடுத்தது பாஸ்டன் ஃபெர்ன். 1894-இல் அமெரிக்காவில் எக்ஸால்டாட்டா செடிகளுக்கு நடுவே கண்ணில் பட்ட மாறுபட்ட ஒன்றிலிருந்து வந்த ரகம் அது. ஓலை வளைந்து தொங்கும், தொங்கு தொட்டிக்கு அழகு. தரையில் படுகையாக விரிக்க நாட்டுச் செடி வேண்டும் என்றால் அது வேலைக்கு ஆகாது.

கார்டிஃபோலியாவின் ஓலை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். அரை மீட்டர் உயரம் சாதாரணம், வசதியான இடத்தில் ஒரு மீட்டரைத் தொடும். சிற்றிலைகள் நெருக்கமாக ஏணிப்படி போல அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் காது மடல் மாதிரி ஒரு சிறு துண்டு நீண்டு ஓலையின் நடுத்தண்டை லேசாக மூடும். கடைசிச் சோதனை வேர். பையை மெல்லக் கழற்றிப் பாருங்கள். உருண்டைக் கிழங்கு இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் உடனே நிராகரிக்க வேண்டாம், இளஞ்செடியில் இன்னும் வந்திருக்காது.

பழைய செங்கல் சுவரில் வளரும் இன்னொரு பெரணியை இதுதான் என்று நினைத்துப் பெயர்த்து வருவார்கள். அது டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடித்தமானது. வித்துப்பை சிற்றிலையின் ஓரத்தில் கோடாக ஓடும், புள்ளியாக இருக்காது. ஓடுதண்டு விட்டுப் பரவவும் செய்யாது. மண்ணில் இருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி ஓலையில் சேர்த்துவைக்கும் செடி என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். சுவாரசியமான செடிதான், ஆனால் நம் படுகைக்கு உரியது இல்லை.

மலைக்குப் போகும்போது பிடுங்கி வருவதை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். பாறையிலிருந்து பிய்த்து வந்த செடி பிழைப்பதும் கடினம். இந்தச் செடி வைத்திருக்கும் யாரும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பிடுங்கி எறிந்துகொண்டிருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

இடம்: நிழல் என்று நினைப்பதெல்லாம் நிழல் இல்லை

கும்மிருட்டு வேண்டாம். அங்கே ஓலை மெலிந்து நீண்டு, கொத்து அடர்த்தி ஆகாது. காலையில் இரண்டு மணி நேர வெயிலும் பிறகு மரத்தினூடே வடிகட்டிய வெளிச்சமும் சரியான அளவு. உச்சி வேளையில் தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு மங்கலாக விழுந்தால் நல்ல இடம். கூர்மையாக வெட்டினாற்போல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் இருட்டு.

இந்தச் சோதனையை ஒரு நாள் மட்டும் செய்துவிட்டு நடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். வீட்டின் வடக்குச் சுவரோரம், மார்கழியில் பார்த்தபோது நாள் முழுக்கக் குளுகுளு நிழல். வரிசையாக நட்டேன். மே மாதம் எல்லாம் வெளிறி, ஓலை நுனி கருகி நின்றது. காரணம் எளிது. தமிழ்நாடு இருப்பது ஏறக்குறைய 8 முதல் 13.5 டிகிரி வட அட்சரேகைக்குள். ஏப்ரல் பின்பாதி தொடங்கி ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. கடும் கோடையில் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்கும். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் வடக்குப் பக்கம் பெரணிக்கு என்று போட்டிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி.

மரத்தடியிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. வேம்பும் புங்கனும் கோடையை ஒட்டி இலை கொட்டிவிட்டுத் துளிர்க்கும். நாட்டு வாதுமை ஒரேயடியாக மொட்டையாகும். பெரணிக்கு நிழல் மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்துக் குடை காணாமல் போகிறது. மாவும் பலாவும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், அவை நல்ல துணை. வேம்புதான் இருக்கிறது என்றால் அந்தச் சில வாரங்களுக்கு நிழல்வலை கட்டத் தயாராக இருங்கள்.

அப்புறம் காற்று. "காய்ந்தே போச்சு" என்பவர்கள் தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள், என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி காற்றுதான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்து மாதிரி இருக்கும் இடத்தில் வறண்ட காற்று சீறிப் போகும். மண் ஈரமாகவே இருக்கும், ஆனாலும் சிற்றிலைகள் பொலபொலவென்று உதிர்ந்து வெறும் ஈர்க்குச்சி நிற்கும். ஏசியின் வெளிப்பெட்டிக்கு எதிரிலும் இதே கதைதான். சுவர் மூலை, புதர்களுக்குப் பின்புறம், தொட்டியோ கிணறோ இருக்கும் பக்கம் என்று காற்று அடங்கிய இடமாகத் தேடுங்கள்.

வேலி முதலில்

இந்த வேலையை நடவுக்குப் பிறகு செய்யலாம் என்று தள்ளாதீர்கள். ஓடுதண்டு ஆழமாகப் போகாது என்பதுதான் நமக்கிருக்கும் ஒரே வசதி. படுகையைச் சுற்றி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுகிய பள்ளம் எடுத்து, கடப்பாக்கல் துண்டையோ பழைய தரை ஓட்டையோ நிறுத்தி வையுங்கள். கல்லும் கல்லும் சேரும் இடத்தில் இடைவெளி கூடாது, ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறி நிற்கட்டும். முக்கியமாக, மண்மட்டத்துக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சருகு சேர்ந்து, அதன் மேலேயே ஓடுதண்டு ஏறித் தாண்டிவிடும். செங்கல் நட்டுப் பார்த்தேன். அதன் சந்துகளில் செடி இன்னும் குஷியாக வளர்ந்தது.

சுவரை ஒட்டிய படுகை என்றால் சுவருக்கும் பெரணிக்கும் நடுவே ஒரு அடி வெறுமையாக விடுங்கள். கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்க் குழி, வடிகால் ஆகியவற்றின் மூடி அருகே நடவே வேண்டாம்.

மண்

கெட்டியாக அழுத்தினால் உருண்டை பிடிக்கவும் வேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு இலைமட்கு, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல் என்று கலந்தால் வந்துவிடும். களிமண் பூமியென்றால் மணலுக்குப் பதில் இலைமட்கைக் கூட்டுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் போட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்து அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

லேசான புளிப்புத் தன்மையுள்ள மண் இந்தச் செடிக்குப் பிடிக்கும். புது வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் சிமென்டும் சுண்ணாம்பும் உடைந்த காரையும் கலந்திருக்கும். அங்கே 25 சென்டிமீட்டருக்காவது மண்ணை மாற்றாமல் நட்டால் செடி வெளிறியே நிற்கும்.

ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை சில மணி நேரத்தில் வற்றிவிட்டால் சரி. மறுநாளும் நின்றால் படுகையை அரை அடி உயர்த்தித்தான் நட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தண்டு அழுகுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

பெரிய மரத்தடியில் கொத்திக் கிளறாதீர்கள். மரத்தின் உணவு வேர்கள் மேலாக இருக்கும். இடம் பார்த்து இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு குழி எடுத்து, அதில் மட்டும் கலவை நிரப்பி நடுங்கள். அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்க வேண்டாம்.

நடவு

ஆடியில் மண்ணைத் தயார் செய்யலாம், நடுவதை ஆவணி, புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பட்டம் விதைக்கு நல்லதுதான், ஆனால் ஆடிக் காற்று பெரணியின் ஓலையைப் பிய்த்துவிடும். புரட்டாசிக்குள் வேர் பிடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மாசிக்குப் பிறகு நடுவது வீண் பாடு.

நடுவதற்கு முதல் நாள் செடியை நன்றாக நனையுங்கள். மாலையில் நடுங்கள். செடிக்குச் செடி 35 முதல் 45 சென்டிமீட்டர் விட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்திலிருந்து எட்டு செடி பிடிக்கும். ஒரு வருடத்தில் மூடிக்கொள்ளும், அவசரப்பட்டு நெருக்காதீர்கள். வேர்ப்பந்து இறுகியிருந்தால் விரலால் தளர்த்துங்கள். குருத்து சுருண்டு கிளம்பும் நடுப்பகுதி மண்மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒரு விரற்கடை புதைந்தாலும் மழையில் அழுகும். ஓடுதண்டுகளை அறுக்காமல் பரப்பி, லேசாக மண் தூவிவிடுங்கள். கிழங்கு மட்டும் கிடைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி ஈரம் காயாமல் காத்திருக்க வேண்டும். முளை வர வாரங்கள் ஆகும், அதற்குள் கிளறிப் பார்த்துவிடாதீர்கள்.

நட்டதும் பழைய ஓலைகளில் பாதியை வெட்டிவிடுவேன். பார்க்க மொட்டையாக இருக்கும். ஆனால் வேர் அறுந்த செடிக்கு அத்தனை ஓலையையும் தாங்கத் தண்ணீர் ஏற்ற முடியாது.

மேலே ஐந்து சென்டிமீட்டருக்குச் சருகு மூடாக்கு. புங்கன் இலை, மா இலை, எதுவானாலும் சரி. குருத்தின் மேல் மட்டும் குவிக்காதீர்கள்.

தண்ணீர், உரம், வெட்டு

முதல் இரண்டு மாதம் மேல்மண் காயவே கூடாது. மழையில்லாத நாளில் தினமும் பாருங்கள். அதன் பிறகு விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகலாம். ஊற்றும்போது ஆழமாக ஊற்றுங்கள். ஓலையில் தண்ணீர் தெளிப்பது அந்த நேரத்துக்குக் குளிர்ச்சி தரும், வேருக்கு ஊற்றுவதற்கு மாற்று ஆகாது. செடிகளுக்கு நடுவே தரையையும் சுற்றியுள்ள கல்லையும் மாலையில் நனைத்துவிடுவது அதைவிட நல்ல பலன் தருகிறது. காற்றின் ஈரம் மெதுவாக, அதிக நேரம் நிற்கும்.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு ஓலை நுனி பழுப்பாவது தவிர்க்க முடியாதது. மழைநீரைச் சேர்த்து வைத்துக் கோடையில் அவ்வப்போது நிறைய ஊற்றினால் மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

உரம் குறைவாகத்தான் வேண்டும். ஆவணியில் ஒரு முறை, தையில் ஒரு முறை, செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். யூரியாவோ பச்சைச் சாணமோ வேண்டாம், வேர் பொசுங்கும்.

பழுத்த ஓலையை அடியோடு வெட்டுங்கள், இழுத்துப் பிடுங்கினால் குருத்தும் கூட வந்துவிடும். சித்திரை, வைகாசியில் படுகை பார்க்கச் சகிக்காமல் போனால் பயப்படாமல் விட்டுவிடுங்கள். முதல் நல்ல மழை பெய்ததும் எல்லாவற்றையும் மூன்று விரற்கடை உயரத்துக்கு வெட்டிவிட்டால், சில வாரங்களில் புதுச் சுருள்கள் கூட்டமாக எழும். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. செத்துவிட்டது என்று மே மாதத்தில் தோண்டி எறிந்தவர்கள் இதைப் பார்க்காமலே போகிறார்கள்.

நோய், பூச்சி

மழைக்காலத்தில் நத்தைதான் பெரிய தொல்லை, அதிலும் ஆப்பிரிக்கப் பெரு நத்தை இருக்கும் ஊரில் இளங்குருத்து மிஞ்சாது. இரவில் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்குவதுதான் நம்பகமான வழி. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வந்தால் முதலில் அந்த ஓலையை வெட்டி எடுங்கள், அல்லது வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். பெரணி ஓலை மெல்லியது, எண்ணெய் மருந்துகளைத் தாங்காமல் கருகக்கூடும். வேப்பெண்ணெய் அடித்தே ஆக வேண்டுமென்றால் நீர்க்கக் கலந்து, மாலையில் ஒரே ஒரு ஓலையில் அடித்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

கொத்து முழுக்க வெளிறிப் போனால் வெயில் அதிகம். நடுக்குருத்து கறுத்துக் கொழகொழவென்றால் அழுகல். அந்தச் செடியை எடுத்துவிட்டு, தண்ணீர் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். சுருள் குருத்து விரியாமல் பாதியில் காய்ந்தால் அந்த நாட்களில் ஈரம் விட்டுப்போயிருக்கிறது.

கூட எதை வைக்கலாம்

தன்னைவிட உயரமான செடியோடு இது ஒத்துப்போகும். சித்தரத்தை, மஞ்சள், சேம்பு வகைகள், கலேடியம் போன்றவை பெரணிக்கு மேலே இலை விரித்து நிற்கும். மரத்தில் ஏறும் மிளகு, திப்பிலிக்கும் சிக்கல் இல்லை. தரையோடு படரும் சின்னச் செடிகளை அருகில் வைக்காதீர்கள். மயில்மாணிக்கம் போல நுணுக்கமான இலை கொண்ட அடியாண்டம் பெரணியை ஆசையாகப் பக்கத்தில் நட்டேன். இரண்டே மழைக்காலத்தில் அதன் மேல் கூரை போட்டு மூடிவிட்டது. அதை இப்போது தொட்டியில் தனியாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வருடத்திலிருந்து

மாதம் ஒரு முறை எல்லைக்கல்லைச் சுற்றி நடந்து, மேலே ஏறிய ஓடுதண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. பனை வகை மரம் பக்கத்தில் இருந்தால் அதன் மட்டை இடுக்கையும் பாருங்கள். வித்துத்தூள் அங்கே போய் உட்கார்ந்து மரத்திலேயே ஒரு தோட்டம் போட்டிருக்கும். அது எனக்குப் பிடிக்கும், விட்டுவிடுவேன். சுவர் விரிசலிலும் கூரை வடிகாலிலும் வந்ததை மட்டும் தாட்சண்யம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை படுகை நடுவில் நெரிசலாகி, உள்ளே காய்ந்த ஓலை நிறைந்து நிற்கும். ஆவணி மழைக்குப் பின் மண்வெட்டியால் கட்டம் கட்டமாக வெட்டி, மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இலைமட்கு நிரப்புங்கள். எடுத்ததில் நல்ல கொத்துகளை இரண்டு மூன்று குருத்து இருக்கும்படி பிரித்தால் அதுவே புதுச் செடி.

மிச்சத்தை அப்படியே உரக்குழியில் போடாதீர்கள். நான் போட்டேன். அடுத்த வருடம் அந்த மட்கை எங்கெல்லாம் போட்டேனோ, கத்தரிப் பாத்தியில்கூட, அங்கெல்லாம் கிழங்கிலிருந்து பெரணி. ஓலையை வெட்டி உரக்குழிக்கு அனுப்பலாம். கிழங்கும் ஓடுதண்டும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில வாரங்கள் கிடக்கட்டும். அழுத்திப் பார்த்தால் கிழங்கு கூழாகியிருக்க வேண்டும். ஓடையிலோ குளத்தங்கரையிலோ கொட்டுவது மட்டும் வேண்டாம், தண்ணீரோடு போய் எங்கே முளைக்கும் என்று நம்மால் பின்தொடர முடியாது.